ஐந்து ஏரிகள், இரண்டே இடத்தில் மதகு

வட அமெரிக்கப் பேரேரிகளின் நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் கரையில் வீடு வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கதவைத் திறந்துவிட வேண்டியதுதானே?" மட்டம் இறங்கிவிட்டால், "இவ்வளவு தண்ணீரை யார் திறந்துவிட்டது?" என்று கேட்பார்கள். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ இந்த ஏரிகளை ஏற்றி இறக்குகிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்விகள் இவை. கதவுகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஏரியின் மட்டத்தைத் தீர்மானிக்கும் கதவுகள் இரண்டே இடங்களில்தான் இருக்கின்றன. அவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பெரும்பாலும் ஏரிக்கு வெளியே, ஆற்றின் அகலத்திலும் பனியிலும் கீழ்ப்பக்கத்து ஊர்களின் கரை உயரத்திலும்தான் முடிவாகிறது.

முதலில் அமைப்பு. மேலே சுப்பீரியர். அதன் சராசரி மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 183.4 மீட்டர். அதிலிருந்து செயின்ட் மேரிஸ் ஆறு சுமார் 7 மீட்டர் இறங்கி ஹியூரனுக்கு வருகிறது. மிச்சிகனும் ஹியூரனும் வரைபடத்தில் இரண்டு ஏரிகளாகத் தெரிந்தாலும், மேக்கினா நீரிணை வழியாக இணைந்து ஒரே மட்டத்தில் நிற்பதால் நீர்க்கணக்கில் அவை ஒரே ஏரி. அங்கிருந்து செயின்ட் கிளேர் ஆறு, செயின்ட் கிளேர் ஏரி, டெட்ராய்ட் ஆறு வழியாக ஈரி ஏரிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் சரிவு. பிறகு நயாகராவில் சுமார் 99 மீட்டர் ஒரேயடியாக இறங்கி ஒன்டாரியோ. கடைசியில் செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாகக் கடல்.

மதகு இருக்கும் இரண்டு இடங்கள்: சுப்பீரியரின் வாயில் ஒன்று, ஒன்டாரியோவுக்குக் கீழே ஒன்று. நடுவில் உள்ள மிச்சிகன்-ஹியூரனுக்கும் ஈரிக்கும் மதகே கிடையாது. மட்டம் ஏறினால் வெளியேறும் நீர் தானாகக் கூடும், இறங்கினால் தானாகக் குறையும். அவ்வளவுதான் அங்கே கட்டுப்பாடு.

இனி, எதற்கு முன்னும் போட்டுப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு. சுப்பீரியரின் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 82 கோடி கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 29 டி.எம்.சி. ஒரு மாதத்தில் அந்த ஒரு சென்டிமீட்டரை மட்டும் கூடுதலாக இறக்க வேண்டுமானால், மாதம் முழுக்க விநாடிக்கு சுமார் 317 கனமீட்டர் அதிகமாகத் திறந்துவிட வேண்டும். அந்த ஆற்றின் நீண்டகாலச் சராசரி ஓட்டமே விநாடிக்கு சுமார் 2,140 கனமீட்டர்தான். ஒரு பெருமழையில் ஏரிப்பரப்பின் மேல் 5 சென்டிமீட்டர் மழை விழுந்துவிட்டால், அதை வடிக்க அந்தக் கூடுதல் ஓட்டத்தை ஐந்து மாதம் விடாமல் வைத்திருக்க வேண்டும். அப்படி வடித்த தண்ணீரும் மறைந்துவிடாது. மிச்சிகன்-ஹியூரனின் பரப்பு 1,17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சுப்பீரியரில் இறக்கிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் அங்கே 0.7 சென்டிமீட்டராக ஏறி நிற்கும்.

வானம் எடுப்பதும் கொடுப்பதும் இதைவிட வேகமானது. ஏரியின் வரவு செலவு மூன்று இனங்கள்: ஏரிமேல் விழும் மழையும் பனியும், சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓடிவரும் நீர், ஆவியாதல். ஆவியாதல் உச்சத்தில் இருப்பது கோடையில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இங்கே அது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும்தான் உச்சம். கோடை முழுக்கச் சூடேறிய நீரின் மேல் வடக்கிலிருந்து காய்ந்த குளிர்க்காற்று வீசும்போது, கடுமையான ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர்கூடப் போய்விடும். அதனால்தான் மட்டம் குளிர்காலக் கடைசியில் அடியிலும் கோடையில் உச்சியிலும் இருக்கிறது. 2013 ஜனவரியில் மிச்சிகன்-ஹியூரன் 175.57 மீட்டருக்கு இறங்கியது. பதிவேட்டில் அதுவே மிகக் குறைவு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறியது. 2020 கோடையில் 177.46 மீட்டருக்குப் போனது. ஏழு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் ஏற்றம். எந்த மதகும் இதைச் செய்யவில்லை, எந்த மதகாலும் இதைத் தடுத்திருக்கவும் முடியாது.

சட்ட அடித்தளம் 1909-ஆம் ஆண்டின் எல்லை நீர் ஒப்பந்தம். அதன்படி அமைந்த சர்வதேசக் கூட்டு ஆணையத்தில் அமெரிக்காவுக்கு மூன்று, கனடாவுக்கு மூன்று என ஆறு உறுப்பினர்கள். எந்த ஏரியில் எவ்வளவு திறப்பது என்ற விதிகளுக்கு ஒப்புதல் தருவது ஆணையம். அன்றாட வேலையை அதன் கீழுள்ள வாரியங்கள் பார்க்கின்றன.

சுப்பீரியரின் வாயில், சூ செயின்ட் மரீ நகரங்களுக்கு இடையே, ஆற்றின் குறுக்கே 16 கதவுகள் கொண்ட தடுப்பு இருக்கிறது. 1914-இல் ஆணையம் அனுமதி தந்தது, 1921-இல் கட்டி முடிந்தது. நீர்மின் நிலையங்களுக்காக ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால் ஏரி கூடுதலாக வடிந்துவிடும், அதை ஈடுகட்ட ஒரு தடுப்பு வேண்டும் என்பதுதான் அதன் பிறப்புக் காரணம். இன்றும் நீரில் பெரும்பங்கு கதவுகள் வழியாகப் போவதில்லை. கப்பல்களை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் பூட்டுகளுக்கும் ஊர்களின் தேவைக்கும் கொஞ்சம், மீன்களுக்காகப் பாறைச்சரிவில் எப்போதும் ஓட வேண்டிய அளவு, மீதி இரு நாட்டு மின்நிலையங்களுக்கும் சரிபாதி. மின்நிலையங்கள் வாங்க முடியாத உபரி வந்தால் மட்டும் கதவுகள் கூடுதலாகத் திறக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை வெளியேற்றம் நிர்ணயிக்கப்படுகிறது. 2015 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருப்பது 'திட்டம் 2012'. சுப்பீரியர் தன் பருவச் சராசரியைவிட எவ்வளவு விலகியிருக்கிறது, மிச்சிகன்-ஹியூரன் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒப்பிட்டு, இரண்டின் விலகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி நீரைப் பங்கிடுவது அதன் நோக்கம். கணக்கு என்ன விடை தந்தாலும் சில எல்லைகளைத் தாண்டக் கூடாது. கீழ் எல்லை விநாடிக்கு 1,560 கனமீட்டர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேல் எல்லை 2,410. இந்தக் குளிர்கால எல்லைதான் கரைக்காரர்களுக்குப் புரியவைக்கக் கடினமானது. ஏரி நிறைந்து நிற்கிறது, கதவு இருக்கிறது, பிறகு ஏன் திறக்கவில்லை? பனி மூடிய ஆற்றில் ஓட்டத்தைக் கூட்டினால் மேலே உள்ள பனிப்பாளம் உடைந்து, கீழே குறுகலான இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் மணிக்கணக்கில் ஏறி ஊருக்குள் புகும். ஏரியில் ஓரிரு சென்டிமீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது.

கதவைத் திறக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. சாதாரண நாட்களில் பாறைச்சரிவுக்குத் தர வேண்டியது பாதிக் கதவு திறந்தால் போகும் அளவு நீர். ஆனால் ஒரே கதவைப் பாதி திறப்பதில்லை. நடுவில் உள்ள நான்கு கதவுகளை ஓரிரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கிவைக்கிறார்கள். நீர் ஒரே கற்றையாகப் பாயாமல் பாறைமேல் பரவலாகப் போகும், மீன்கள் முட்டையிடும் சரளைக்கல் அரித்துப்போகாது. கூட்ட வேண்டியிருந்தால் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போடும் ஆட்களை ஆறு திடீரென இழுத்துச் சென்றுவிடக் கூடாது என்பது ஒரு காரணம். குறைக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். சட்டென்று மூடினால் பாறைக்குழிகளில் மீன்குஞ்சுகள் மாட்டிக்கொண்டு காய்ந்துவிடும்.

நடு ஏரிகளுக்கு வருவோம். மிச்சிகன்-ஹியூரனின் வாயான செயின்ட் கிளேர் ஆற்றில் மதகு இல்லையென்றாலும் மனிதக் கை பட்டிருக்கிறது. கப்பல் போக்குவரத்துக்காக அந்தத் தடத்தை முதலில் 25 அடிக்கும், 1960-களின் தொடக்கத்தில் 27 அடிக்கும் ஆழப்படுத்தினார்கள். வாய் ஆழமானால் அதே மட்டத்தில் அதிக நீர் வெளியேறும், ஏரி நிரந்தரமாகக் கீழே போய் நிற்கும். 1963-க்கும் 2006-க்கும் இடையில் மிச்சிகன்-ஹியூரனுக்கும் ஈரிக்கும் உள்ள மட்ட வேறுபாடு சுமார் 23 சென்டிமீட்டர் குறைந்ததாகவும், அதில் 7 முதல் 14 சென்டிமீட்டர் ஆற்றின் கடத்துதிறன் கூடியதால் வந்தது என்றும் ஆணையம் நடத்திய ஆய்வு சொன்னது. மீதிக்குக் காரணம் மழை, ஆவியாதல் மாற்றமும், பனியுகப் பாரம் நீங்கிய நிலம் இன்னும் மெல்ல எழுந்துகொண்டிருப்பதும்.

ஆற்றின் அடியில் கல்வரம்புகள் போட்டு இழந்த உயரத்தை மீட்கலாம் என்ற யோசனை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2013-இல் ஏரி அடிமட்டத்தில் கிடந்தபோது அதற்கு ஆதரவு பெருகியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடியில் போட்ட கல்லைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வறண்ட ஆண்டில் அது தரும் அதே சென்டிமீட்டர்களை 2020 போன்ற ஆண்டிலும் தரும். கரை அரித்து வீடுகள் விழுந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் கூடுதலாக 15 சென்டிமீட்டரை யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். தவிர, வரம்பு போட்டபின் ஏரி புதிய மட்டத்துக்கு நிரம்பும் வரையிலான ஆண்டுகளில் அந்த நீர் ஈரிக்கும் ஒன்டாரியோவுக்கும் போகாது. மேலே மீட்பாகத் தெரிவது கீழே பற்றாக்குறையாகத் தெரியும்.

வெளியிலிருந்து வரும், வெளியே போகும் கால்வாய்களும் உண்டு. லாங் லாக், ஒகோகி என்ற இரண்டு திருப்பங்கள் 1940-களின் தொடக்கத்திலிருந்து ஹட்சன் விரிகுடாவுக்குப் போக வேண்டிய நீரைச் சுப்பீரியருக்குக் கொண்டுவருகின்றன. சிகாகோவில் மிச்சிகன் நீர் மிசிசிப்பி பக்கம் போகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு விதித்த வரம்பு விநாடிக்கு 3,200 கனஅடி, சுமார் 91 கனமீட்டர். உள்ளே வருவது சிகாகோவில் போவதைவிட அதிகம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 'சிகாகோ ஏரியை உறிஞ்சிவிட்டது' என்ற குற்றச்சாட்டு அளவுக்கு மீறியது.

நயாகராவில் அருவிக்கு மேலே 18 கதவுகள் கொண்ட கட்டமைப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, ஈரி ஏரியைக் கட்டுப்படுத்துவது அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏரியைத் தொடுவதேயில்லை. ஆற்றின் பாதி அகலத்துக்கு மட்டும் நிற்கிறது. ஏரியின் வாயில் உள்ள இயற்கையான பாறை மேட்டுக்கு வெகுதூரம் கீழே இருப்பதால் அதன் ஏற்ற இறக்கம் ஏரிக்கு எட்டாது. அதன் வேலை, மின்நிலையங்கள் நீரெடுக்கும் தேக்கத்தின் மட்டத்தைப் பிடித்துவைப்பதும், 1950 ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்தில் பகல் வேளைகளில் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கனஅடியும் மற்ற நேரங்களில் 50,000 கனஅடியும் அருவியில் விழச்செய்வதும்தான்.

ஈரியின் வாயில் உண்மையிலேயே வேலை செய்வது, 1964-இல் தொடங்கி ஒவ்வொரு குளிர்காலத்திலும் போடப்படும் பனித்தடுப்பு. சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு, எஃகு மிதவைக் குழாய்களைச் சங்கிலியால் கோத்து, கம்பி வடங்களால் அடித்தரையில் கட்டுகிறார்கள். ஏரி நீர் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும், அல்லது டிசம்பர் 16 வந்ததும், எது முந்தியோ அப்போது போடத் தொடங்கலாம். ஏரிப்பனி ஒன்றையொன்று பற்றி ஒரு வளைவாக உறைய இது பிடிமானம் தருகிறது. பெருங்காற்று அடித்தால் பனி மிதவைகளை அமுக்கிக்கொண்டு மேலாகப் போய்விடும், காற்று ஓய்ந்ததும் மிதவை மேலே வரும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், விறைப்பாக நின்றால் வடம் அறுந்துவிடும். ஏப்ரல் 1-க்குள் எடுத்துவிட வேண்டும். ஏரியின் கிழக்குப் பகுதியில் 650 சதுர கிலோமீட்டருக்கு மேல் பனி மிச்சமிருந்தால் தள்ளிவைக்கலாம்.

ஒன்டாரியோதான் மிகச் சிக்கலானது. அதற்கு வரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நயாகரா வழியாக, யாராலும் நிறுத்த முடியாதபடி வருகிறது. வெளியேறுவது கார்ன்வால்–மசீனா இடையே 1958-இல் முடிந்த மோசஸ்-சாண்டர்ஸ் அணை வழியாக. அங்கே 32 டர்பைன்கள், நாட்டுக்கு 16. உபரியை லாங் சூ அணை வெளியேற்றும். வெளியேற்றம் வாரத்துக்கு ஒருமுறை நிர்ணயமாகிறது. 2017 ஜனவரியிலிருந்து 'திட்டம் 2014' நடைமுறையில் உள்ளது. இந்த மட்டத்தில் ஏரி இருந்திருந்தால் அணைகள் வருவதற்கு முன் ஆறு எவ்வளவு கடத்தியிருக்குமோ அதைத் தொடக்கப்புள்ளியாக எடுத்து, வரத்து முன்கணிப்புக்கேற்பத் திருத்தி, பிறகு வரிசையாக வரம்புகளைப் பொருத்துகிறார்கள். பொதுவாக ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு விநாடிக்கு 700 கனமீட்டருக்கு மேல் மாற்றக் கூடாது. கப்பல்கள் ஓடும் காலத்தில் நீரோட்ட வேகம் அவற்றைத் தடம் புரட்டக் கூடாது. பனி உருவாகும்போது ஒரு வரம்பு. மான்ட்ரியால் வெள்ளத்துக்கு ஒரு வரம்பு. இவற்றில் எது மிகக் குறைவோ அதுவே அந்த வாரத்தைக் கட்டும்.

பனி வரம்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உறைநிலைக்குச் சற்றே கீழே குளிர்ந்த நீர் வேகமாக ஓடினால் பாளமாக உறையாது. ஊசி ஊசியாகப் பனித்துகள்கள் நீருக்குள்ளேயே உருவாகி, படுகிற எதிலும் ஒட்டிக்கொள்ளும். மின்நிலையத்தின் நுழைவில் உள்ள குப்பைத்தடுப்புக் கம்பிகளில் ஒட்டி அடைத்துவிடும், அல்லது ஏற்கெனவே இருக்கும் பனிப்பாளத்துக்கு அடியில் குவிந்து ஆற்றின் குறுக்குவெட்டையே சுருக்கிவிடும். அதன்பின் வாரக்கணக்கில் நீரைக் கடத்த முடியாது. ஆகவே அணைக்குக் கீழே, மான்ட்ரியாலுக்கு மேலே உள்ள போஆர்னுவா கால்வாயிலோ, அணைக்கு மேலுள்ள எல்லைப் பகுதியிலோ பனி கட்டத் தொடங்கியதும் வெளியேற்றத்தை 6,230 கனமீட்டர் அளவுக்குக் குறைக்கிறார்கள். ஓட்டம் மெதுவாகி மேற்பரப்பு வழவழப்பான ஒரே பாளமாக உறைகிறது. உறைந்து நிலைத்தபின் அதற்கடியில் ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்றலாம். ஒரு வாரம் குறைத்தால்தான் மீதிக் குளிர்காலம் முழுக்க அதிகம் கடத்த முடியும். ஏரி நிரம்பியிருக்கும் ஜனவரியில் வெளியேற்றம் குறைவதைக் கண்டு வரும் கோபத்துக்கெல்லாம் பதில் இதுதான். குளிரும் இளவெயிலும் மாறி மாறி வரும் ஆண்டில் பாளம் கட்டுவதும் உடைவதுமாக இருக்கும், ஒவ்வொரு முறையும் மறுபடி குறைக்க வேண்டிவரும். கடுங்குளிர் ஆண்டைவிட அதுதான் இயக்குபவர்களுக்குத் தொல்லை.

அடுத்தது மான்ட்ரியால். ஒட்டாவா ஆறு அங்கே செயின்ட் லாரன்ஸில் கலக்கிறது, வசந்தத்தில் பனி உருகும்போது பெருக்கெடுக்கிறது. ஒன்டாரியோவில் ஒரு வாரத்தில் ஒரு சென்டிமீட்டரை இறக்க விநாடிக்குச் சுமார் 310 கனமீட்டர் கூடுதலாக விட வேண்டும். அந்த நீர் மான்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லூயி ஏரியைச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்தும். மேலே ஒன்று, கீழே பத்து. ஒன்டாரியோ 75.3 மீட்டருக்குக் கீழே இருக்கும்வரை செயின்ட் லூயி 22.10 மீட்டரைத் தாண்டாதபடி வெளியேற்றத்தை அடக்க வேண்டும். ஒன்டாரியோ ஏற ஏற அந்த வரம்பும் படிப்படியாகத் தளர்ந்து, ஒன்டாரியோ 75.6 மீட்டரைத் தாண்டினால் 22.48 மீட்டர் வரை போகலாம். வலியை இரு பக்கமும் பங்கிடும் ஏற்பாடு இது. இதைவிட நேர்மையான விதியை யாரும் முன்வைத்ததாகத் தெரியவில்லை.

2017 வசந்தத்தில் ஒன்டாரியோ படுகையிலும் ஒட்டாவா படுகையிலும் ஒரே நேரத்தில் மழை கொட்டியது. மான்ட்ரியால் மூழ்கிக்கொண்டிருந்ததால் அணையில் ஓட்டத்தை அடக்கினார்கள், ஒன்டாரியோ 75.88 மீட்டர் வரை ஏறியது. ஒட்டாவா தணிந்ததும் வெளியேற்றம் படிப்படியாக 10,400 கனமீட்டருக்குப் போய் வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. 2019-இல் மறுபடி, இம்முறை 75.92 மீட்டர். புதிய திட்டம் வந்த முதல் ஆண்டிலேயே வெள்ளம் வந்ததால் பழி முழுக்க அதன்மேல் விழுந்தது. நியூயார்க் மாநிலம் 2019-இல் ஆணையத்தின் மீது வழக்கே தொடுத்தது. கரைவாசிகளின் இழப்பு உண்மையானது, அதைச் சிறிதாக்கக் கூடாது. ஆனால் 1963 முதல் இருந்த பழைய திட்டத்திலும் மான்ட்ரியாலுக்குக் கீழே போக இடமில்லாத நீருக்கு வேறு வழி இருந்திருக்காது. புதிய திட்டம் செய்த மாற்றம், மட்டம் இயற்கையாகச் சற்று அதிகம் ஏறி இறங்க இடம்கொடுத்ததுதான். அரை நூற்றாண்டாக மட்டத்தை ஒரே பட்டைக்குள் அடக்கியதால் கரையோரச் சதுப்புகளில் சம்பு என்ற கோரைப்புல் மட்டுமே மண்டி, மற்ற செடிகளும் அவற்றை நம்பிய மீன்களும் பறவைகளும் ஒதுங்கிப்போயிருந்தன.

வெளியேற்றத்தைக் கூட்டும்போது எல்லோரும் மறக்கும் ஓர் இடம் அணைக்கு உடனே மேல்பக்கம் உள்ள செயின்ட் லாரன்ஸ் தேக்கம். ஓட்டம் கூடக் கூட ஆற்றின் சரிவு செங்குத்தாகும். ஆகவே ஒன்டாரியோ நிரம்பி வழியும் அதே நேரத்தில் இந்தத் தேக்கம் வற்றி, படகுத்துறைகள் சேற்றில் நிற்கும், குடிநீர் எடுக்கும் குழாய்வாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் படகுகளைக் கரையேற்றுவதற்காக ஒரு சில நாள் ஓட்டத்தைக் குறைத்து, தேக்கத்தைத் தற்காலிகமாக உயர்த்திக் கொடுப்பது உண்டு.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகப் படிக்கப்படுவது அதுதான். ஏரியின் அதிகாரபூர்வ மட்டம் ஒரே அளவுகோலில் எடுப்பது அல்ல. மிச்சிகன்-ஹியூரனுக்கு ஆறு நிலையங்களின் சராசரி, சுப்பீரியருக்கு ஐந்து, ஈரிக்கு நான்கு. காரணம் காற்று. ஈரி ஏரி நீளமானது, ஆழமற்றது, சராசரி ஆழம் 19 மீட்டர்தான். தென்மேற்குப் புயல் அடித்தால் தண்ணீர் முழுக்க பஃபலோ பக்கம் குவிந்து, டொலிடோவில் படகுகள் தரைதட்டும். இரு முனைகளுக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வேறுபாடு பதிவாகியிருக்கிறது. இங்கே சொன்ன மட்டங்கள் எல்லாமே, உயரங்களை எங்கிருந்து அளப்பது என்று இரு நாடுகளும் பொதுவாக வைத்துக்கொண்ட 1985 மட்டக்குறியீட்டின்படி. அதன் பூஜ்யப் புள்ளி செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலைச் சந்திக்கும் ரிமூஸ்கியில் இருக்கிறது. நிலம் எழும்பிக்கொண்டே இருப்பதால் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குறியீட்டையே புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

கரையில் சுவரோ துறையோ கட்டுபவர் மாதச் சராசரியை மட்டும் பார்த்து உயரம் முடிவு செய்யக் கூடாது. பதிவான உச்ச மாதச் சராசரியை எடுங்கள், உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தில் புயலின்போது மணிவாரியாகப் பதிவான கூடுதல் ஏற்றத்தைச் சேருங்கள், அதன்மேல் அலை ஏறும் உயரத்தைச் சேருங்கள். ஆறு மாத முன்கணிப்பில் நடுக்கோட்டை விட்டுவிட்டு மேல், கீழ் விளிம்புகளைப் பாருங்கள். முன்கணிப்புக்குப் பின்னால் இருக்கும் மழையை ஆறு மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. மேலே சுப்பீரியரில் கதவு திறந்த செய்தி வந்தாலும் ஒன்டாரியோவில் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. மிச்சிகன்-ஹியூரனின் வரத்தில் ஏற்பட்ட மாற்றத்தில் 60 சதவீதம் ஒன்டாரியோவின் வெளியேற்றத்தில் தெரிவதற்கே மூன்றரை ஆண்டு ஆகும்.